பாடப்பதிவுக்கு அப்பால்: பல்கலைக்கழக மின்கற்றலில் மதிப்பீட்டின் இடம்

ஒரு பல்கலைக்கழகம் மின்கற்றலில் இறங்க முடிவெடுத்தால், முதல் நிதி ஒதுக்கீடு பெரும்பாலும் ஒளிப்பதிவுக் கூடத்துக்கும் சேவையகத்துக்கும் போகிறது. ஆண்டறிக்கையில் இடம்பெறுவதும் எத்தனை பாடங்கள் பதிவாயின, எத்தனை பேர் பார்த்தனர் என்ற கணக்குகளே. மாணவர் எழுதியதை யார் படிக்கிறார், எத்தனை நாளில் திருப்பித் தருகிறார், தேர்வு எங்கே எப்படி நடக்கிறது என்ற கேள்விகள் பின்னிணைப்புக்குத் தள்ளப்படுகின்றன. இந்த வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். இணையவழிப் பாடம் பட்டப்படிப்பாக உயர்வதும், வெறும் காணொளித் தொகுப்பாகத் தேங்குவதும் மதிப்பீட்டையும் மறுமொழியையும் சார்ந்தவை. பாட உள்ளடக்கத்தின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு.

இதற்கான சான்று சென்னையிலேயே இருக்கிறது. ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. முதல் பத்தாண்டுகளில் அது அடிப்படையில் ஒரு பாடக் களஞ்சியம். நல்ல ஆசிரியர் வாய்க்காத பொறியியல் கல்லூரி மாணவருக்கு அது பெரும் உதவிதான். ஆனால் பார்த்து முடித்தவர் கற்றாரா என்று சொல்ல யாருமில்லை. 2014இல் சான்றிதழ்ப் பாடங்கள் வந்தபோது நிலைமை மாறியது. வாரந்தோறும் ஒப்படைப்பு, கேள்வி கேட்க விவாதக் களம், முடிவில் தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுதும் தேர்வு ஆகியவை சேர்ந்தன. பாடம் இலவசம், தேர்வுக்குக் கட்டணம் என்ற ஏற்பாடே எது எதற்கு மதிப்பு என்பதைச் சொல்லிவிடுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் இந்திய அரசின் இணையவழிப் பாடத்தளமான ஸ்வயத்தின் பாடங்களுக்கு 20 விழுக்காடு வரையிலும், 2021இல் 40 விழுக்காடு வரையிலும் மதிப்பலகு வழங்க இடமளித்ததற்கும் இத்தகைய மதிப்பீட்டு முறைதான் அடித்தளம். 2020இல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. ஜே.இ.இ. எழுதாதவரும் நான்கு வாரப் பாடத்தைப் படித்து, ஒப்படைப்புகளைச் செய்து, தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். அங்கே சேர்க்கையே ஒரு மதிப்பீடாகிவிட்டது. இடையில் சான்றிதழோடோ பட்டயத்தோடோ விலகவும் வழியுண்டு. இந்தப் படிப்பில் மிகக் குறைந்த புதுமை கொண்ட பகுதி விரிவுரைக் காணொளிகள்தாம்.

வெளிநாட்டு அனுபவமும் இதே திசையைக் காட்டுகிறது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய திறந்தநிலைப் பாடங்களை ஆராய்ந்து 2019இல் 'சயின்ஸ்' இதழ் வெளியிட்ட கட்டுரையின்படி, 2017-18இல் பங்கேற்றோரில் பாடத்தை முடித்தவர்கள் 3.13 விழுக்காடு, கட்டணம் செலுத்திச் சான்றிதழ் வழியைத் தேர்ந்தவர்களிலோ 46 விழுக்காடு. பணம் கட்டியவர் முன்பே உறுதி கொண்டவர், ஆகவே இந்த வேறுபாட்டை மதிப்பீட்டின் கணக்கில் எழுதக் கூடாது என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானது, இந்த எண்களை மட்டும் வைத்து வாதத்தை நிறுத்த முடியாது. முன்தகுதி கேட்காமல் சேர்த்துக்கொண்ட ஒரு நிறுவனத்தைப் பார்ப்பது பயன் தரும். 1969இல் சாசனம் பெற்று 1971இல் பாடம் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வெளியுலகுக்குப் பி.பி.சி.யின் பின்னிரவு விரிவுரைகளால் அறிமுகமானது. உள்ளே அதைத் தாங்கியவர்கள் பகுதிநேரப் பயிற்றுநர்கள். மாணவரின் ஒப்படைப்பைத் திருத்தி, எங்கே தவறினார் என்று விளக்கி எழுதுவது அவர்கள் பணி. 2006இல் அந்தப் பாட ஒளிபரப்புகள் நின்றன, பல்கலைக்கழகம் நிற்கவில்லை. திருத்தி எழுதும் பயிற்றுநர்களை நிறுத்தியிருந்தால் அங்கே என்ன எஞ்சியிருக்கும்?

திருத்துவதையும் கண்காணிப்பதையும் இனி இயந்திரமே செய்துவிடும் என்பது இன்று அதிகம் கேட்கும் எதிர்வாதம். நிரல் எழுதும் பயிற்சியில் அது பெருமளவு உண்மை. நிரல் சரியான விடை தருகிறதா என்பதைக் கணினி நொடியில் சோதித்துவிடும். வரலாற்று மாணவர் எழுதிய இரண்டு பக்க வாதத்துக்கு அந்த வசதி போதாது. கண்காணிப்பின் கதை இன்னும் சிக்கலானது. அண்ணா பல்கலைக்கழகம் 2021 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்போடு இணையவழித் தேர்வு நடத்தியது. முறைகேட்டு ஐயத்தின் பேரில் ஏராளமான மாணவரின் முடிவுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. பின்னர் மறுதேர்வு நடத்த வேண்டியதாயிற்று. பெருந்தொற்றுக் கால நெருக்கடியை மறந்து அந்த முயற்சியை எள்ளுவது எளிது, அது என் நோக்கமன்று. கேமரா கண்ட அசைவுக்கும் மாணவர் செய்த குற்றத்துக்கும் இடையில் தீர்ப்புச் சொல்ல ஒரு மனிதர் தேவைப்பட்டார் என்பதே கவனிக்க வேண்டியது.

நேரில் எழுதும் தேர்வு, கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கும் வார விடுப்பில்லாத தொழிலாளிக்கும் சுமை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வீட்டிலிருந்து எழுதும் தேர்வு கேமராவும் தடையற்ற மின்சாரமும் தனியறையும் கேட்கிறது. அவை இல்லாதவருக்கு மாவட்டத் தலைநகரில் ஒரு மையம் கிட்டத்தான் இருக்கிறது.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு வேறு. ஐ.ஐ.டி.க்குப் பெயரும் பணமும் ஆளும் உண்டு. ஆசிரியர் பணியிடங்களே நிரப்பப்படாத மாநிலப் பல்கலைக்கழகம் என்ன செய்யும்? அதனிடம் ஆள்நேரம் குறைவு என்பதால்தான் அந்த நேரத்தைப் பதிவுக் கூடத்தில் செலவழிக்கக் கூடாது. ஏற்கெனவே நன்றாகச் சொல்லப்பட்ட வெப்ப இயக்கவியலை இன்னொரு முறை படம்பிடிப்பதில் மாணவருக்கு ஆதாயமில்லை. 40 விழுக்காட்டு விதியைப் பயன்படுத்தி அப்பாடங்களை வெளியிலிருந்து எடுத்துக்கொண்டு, மிச்சமாகும் ஆசிரியர் நேரத்தைப் பயிற்சி வகுப்புக்கும் விடைத்தாளுக்கும் திருப்பலாம். மிச்சத்தைக் காட்டிப் பணியிடங்களை ஒழிக்க நிர்வாகங்கள் முயலும் ஆபத்து மெய்யானது. எனவே இத்தனை மாணவருக்கு ஒரு பயிற்றுநர் என்ற வரம்பு இல்லாமல் எந்த வெளிப்பாடத்துக்கும் மதிப்பலகு தரலாகாது என்று கல்விப் பேரவை விதி செய்ய வேண்டும்.

தமிழில் இந்தத் தேவை கூடுதல் அழுத்தம் பெறுகிறது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய நிறுவனம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. ஆய்வாளரிடையே அதற்கு நிலைத்த புகழைத் தந்தது அதன் மின்நூலகம். அதன் தொடக்கத்தில் முன்னின்ற வா.செ. குழந்தைசாமி, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். படிப்பு மையமும் ஆலோசகரும் இல்லாமல் தொலைநிலைக் கல்வி நடவாது என்பதை அருகிலிருந்து அறிந்தவர். என்.பி.டி.இ.எல். பாடங்கள் பல இப்போது தமிழில் கிடைக்கின்றன. அவற்றைக் கேட்டுவிட்டு ஒரு மாணவி தன் ஐயத்தைத் தமிழில் எழுதினால், பாடமறிந்த ஒருவர் தமிழில் பதில் எழுத வேண்டும். அப்பதிலுக்கான மதிப்பூதியம் திட்ட அறிக்கையில் தனித் தலைப்பாக, கருவிச் செலவுக்கு முன்னால் வர வேண்டும்.