நக்கவாரத்து மொழி: ஒலியும் சொல்லாக்கமும்

முதலாம் இராசேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டு, அவன் படை கடல்கடந்து வென்ற இடங்களுள் மாநக்கவாரத்தையும் குறிப்பிடுகிறது. அதுவே இன்றைய நிக்கோபார்த் தீவுக்கூட்டம். ஆடையற்றோர் நாடு என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவோர் உண்டு. எவ்வாறாயினும், அது வெளியார் இட்ட பெயர். வடபுறத்துக் கார் நிக்கோபார் மக்கள் தம் தீவைப் 'பூ' என்பர். (தமிழ்ப் பூவுக்கும் அதற்கும் உறவில்லை.)

இத்தீவுகளின் மொழிகள் கெமர், வியட்நாமியம், காசி, முண்டா ஆகியவற்றோடு ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்துக்கு ஆஸ்திரோஆசியம் என்று 1906இல் பெயர் சூட்டியவர் வில்ஹெல்ம் ஷ்மிட். ஆயினும் மோன், கெமர், ஆனாம் மொழிகளை ஒரு கூட்டமாகக் காணும் முயற்சி அதற்கு அரை நூற்றாண்டு முன்பே நம் நகரில் அச்சேறியது. 1847இல் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் இங்குத் தொடங்கிய ஆய்விதழ் அதற்குக் களமாயிற்று.

இன்னொரு தொடர்பும் உண்டு, அது இனியதன்று. சிராங்கூன் சாலைச் சூளைகளில் செங்கல் அறுத்தும், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியும் உழைத்தவர்கள் இந்தியக் கைதிகள். 1873இல் சிங்கப்பூர்க் கைதிக் குடியேற்றம் மூடப்பட்டபோது எஞ்சியோர் அந்தமானுக்கு மாற்றப்பட்டனர். அதே தண்டனை ஆட்சியின் கிளையொன்று நிக்கோபாரின் கமோர்ட்டாவில் 1869 முதல் 1888 வரை இயங்கியது. அங்கே பொறுப்பிலிருந்த டேனியர் டி ரோப்ஸ்டார்ஃப் நான்கௌரி மொழிக்கு அகராதி தொகுத்தார். 1883இல் அவர் அங்கேயே கொல்லப்பட்டார். அகராதியை அவர் மனைவி பதிப்பித்து, 1884இல் கல்கத்தாவில் வெளியிடச் செய்தார்.

நான்கௌரியின் ஒலிகள் நமக்கு முற்றிலும் அயலானவையல்ல. 'காசு' என்பதன் ஈற்றில் இதழ் குவியாமல் ஒலிக்கும் குற்றியலுகரத்தை எண்ணுக. நமக்கு அது குறுகி ஒலிப்பது. அங்கோ அதனையொத்த ஒலி அழுத்தம் பெற்று முழு உயிராக நிற்கும். 'மரம்' என்பதைப் பேச்சில் சொல்லும்போது ஈற்றுயிர் மூக்கின்வழி வருகிறதன்றோ? அங்கே மூக்குயிரும் வாயுயிரும் பொருளையே வேறுபடுத்தும். மலாய்க்காரர் 'அனாக்' என்னும்போது ஈற்றுக் ககரத்தைத் தொண்டையிலேயே அடைத்துவிடுவர். அந்தத் தொண்டையடைப்பு அங்குத் தனி மெய்.

இலக்கணந்தான் நம்மை வியக்கவைப்பது. 'காஹ்' என்றால் அறி; 'ஹகாஹ்' என்றால் அறிவி. நாம் பின்னே சேர்ப்பதை அவர்கள் முன்னே சேர்க்கின்றனர். ஈரசைச் சொல்லாயின் முறை மாறும். தொண்டையடைப்பில் முடியும் 'பலோ' என்பது தொலைதல். 'பும்லோ' என்பது தொலைத்தல். நாம் 'தொலை' என்ற பகுதியைத் தொடாமல் அப்பால் வல்லினத்தை இரட்டிக்கிறோம். அவர்களோ வேர்ச்சொல்லையே பிளந்து உள்ளே 'உம்' என்பதை நுழைக்கின்றனர். நன்னூலார் கூறும் இடைநிலை பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே நிற்பது. அது வேரைப் பிளப்பதில்லை. எனவே இதை உள்ளொட்டு என்பதே பொருந்தும். கடித்தலைக் குறிக்கும் 'காப்' உள்ளொட்டுப் பெற்று 'கனாப்', அதாவது பல், ஆகிறது. கெமரிலும் 'ஸ்லாப்' (இற) 'ஸம்லாப்' (கொல்) ஆகும். இந்த ஒப்புமை உறவுக்குச் சான்று. மலாயின் 'துஞ்சுக்' (காட்டு), 'தெலுஞ்சுக்' (சுட்டுவிரல்) இணையை நம் மாணவர் அறிவர். ஆனால் மலாய் வேறு குடும்பம்.

ரோப்ஸ்டார்ஃப் ஒரு வழக்கத்தையும் பதிவு செய்துள்ளார். இறந்தவர் பெயரை எவரும் உச்சரிக்கலாகாது. அப்பெயர் கோழி, நெருப்பு, வழி போன்ற பொதுச்சொல்லாயிருந்தால் அச்சொல்லே வழக்கிலிருந்து விலக்கப்படும். அதனிடத்தில் புதிய சொல் ஆக்கப்படும். அல்லது அண்டைத் தீவிலிருந்தோ அயல்மொழியிலிருந்தோ பெறப்படும். இம்மொழிகளின் தொன்மையை ஆராய்வோர்க்கு இது பெருந்தடை. ஆனால் நாம் இதிலிருந்து வேறொன்றைக் காண்கிறோம்: சாவுதோறும் சொல்லை இழந்த மொழி அதனால் அழியவில்லை. சொல்லை உண்டாக்கும் முறை பேசுவோர் நாவில் இருந்தது. ஆகவே, நம் வகுப்பில் தமிழ் வாக்கியத்தில் ஓர் ஆங்கிலப் பெயர்ச்சொல் புகுந்தால் பதறும் நாம், 'தொலைந்தது', 'தொலைத்தது' வேறுபாடு மாணவரிடம் மங்கும்போதே மிகுதியாகக் கவலைப்படவேண்டும்.

நிக்கோபார் மொழிகளுக்கு நேர்ந்துள்ள இடர் அத்தகையது. 2011 கணக்கெடுப்பில் பேசுவோர் சுமார் 29,000 பேர். அவர்களுள்ளும் கார் நிக்கோபார் மொழியே எழுத்தில் வேரூன்றியது. பேராயர் ஜான் ரிச்சர்ட்சனின் விவிலிய மொழிபெயர்ப்பு அதற்குப் பெருந்துணை. தீவுக்குத் தீவு வேறுபடும் ஏனைய மொழிகளுக்கு அத்தகைய துணை வாய்க்கவில்லை. 2004 ஆழிப்பேரலை பல ஊர்களைச் சிதைத்து மக்களை இடம்பெயர்த்தது. பெரிய நிக்கோபாரின் உட்காட்டில் வாழும் ஷொம்பென் மக்கள் 2011இல் 229 பேர். அவர்களது மொழி பற்றி நம்மிடம் உள்ளவை சொற்பட்டியல்களும் சில சிறு ஆய்வுகளுமே. அத்தீவின் கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம் அமைக்கும் திட்டத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. இன்று சிங்கப்பூரில் மாற்றப்படும் சரக்கில் ஒரு பகுதியைத் தன்பால் ஈர்ப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று.