கறுப்புக் கோட்டின் கதை

படக்கதை கீறத் தொடங்கிற ஆக்கள் முதல்ல கேட்கிறது "எந்தப் பேனை நல்லம்?" எண்டுதான். ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு நீண்ட காலமாகப் பதில் சொல்லிவந்தது ஓவியர்களை விட அச்சு இயந்திரம்தான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

அந்தக் காலப் பத்திரிகையில் கோட்டுச் சித்திரம் வர வேண்டுமென்றால், அதைப் படம் பிடித்து, உலோகத் தகட்டில் அமிலத்தால் அரித்தெடுப்பார்கள். அந்த முறைக்குத் தெரிந்தது கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான். பென்சிலின் சாம்பல் நிறம் பாதி விழும், பாதி காணாமல் போகும். வெளிர் நீலம் அந்தப் படச்சுருளில் விழவே விழாது. அதனாலதான் நீலப் பென்சிலால் கீறி, அழிக்காமலே அதற்கு மேல் மை போடுகிற பழக்கம் வந்தது. மைக்கோடு அட்டைக்கறுப்பாக இருந்தால் போதும். அதுக்குத்தான் இந்தியன் இங்க், மையில தொட்டுக் கீறுகிற நிப், தூரிகை எல்லாம்.

நிப் என்றால் சார்ள்ஸ் ஷுல்ஸைச் சொல்லாமல் விட முடியாது. 1950 முதல் 2000 வரை 'பீநட்ஸ்' கீறியவர். அவருக்கு எஸ்டர்புரூக் 914 நிப்தான் வேணும். அந்த நிறுவனம் மூடப்போகிறது என்றதும் மிச்சமிருந்த நிப்புகளை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டார். 1981இல் இதய சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவருடைய கை நடுங்கத் தொடங்கியது. பிற்காலச் சித்திரங்களைப் பாருங்கள், அந்த நடுக்கம் கோட்டிலேயே இருக்கு. அழுத்தினால் தடித்து, விட்டால் மெலிகிற நிப் எதையும் மறைக்காது. எங்களுக்கு அந்தக் கோடுகள்தான் கூடப் பிடிக்கும்.

ரேபிடோகிராஃப் இதுக்கு நேர் எதிர். வரைபடக்காரருக்காக வந்த குழாய்முனைப் பேனை அது. எவ்வளவு அழுத்தினாலும் ஒரே தடிப்பு. வாழ்த்து அட்டை நிறுவனத்தில் வேலை செய்த றொபர்ட் கிரம்ப், அந்தப் பேனையாலேயே சின்னச் சின்னக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு நிழல் கட்டினார். முனை அடைபட்டால் கழுவுறதுதான் பெரிய கரைச்சல்.

1960களில் ஜப்பானில இருந்து நார்முனைப் பேனைகள் வந்தன. மலிவு, கழுவவும் தேவையில்லை. ஆனால் பலவற்றில் இருந்தது சாய மை. அச்சில் வந்த படம் அப்படியே இருக்க, மூலப்படம் வெளிச்சத்தில் மங்கிப் போகும். இயந்திரத்துக்கு அது கவலையில்லை, கீறினவருக்குத்தான் நட்டம். 1982இல் சக்குரா நிறுவனம் பிக்மா மையைக் கொண்டுவந்தது. அதில் சாயத்துக்குப் பதிலா நுண்ணிய நிறமித் துகள்கள். காய்ந்தபின் தண்ணீருக்குக் கரையாது, இலேசில் மங்காது. மைக்ரோன் பேனையில் 01 என்றால் 0.25 மில்லிமீற்றர், 05 என்றால் 0.45. 1987இல் வந்த கொப்பிக் மார்க்கர் இன்னொரு சிக்கலைத் தீர்த்தது: ஃபோட்டோ கொப்பியின் கறுப்புத் தூளைக் கரைக்காமல் மேலே நிறம் போட முடிந்தது.

இப்ப ஃபோனால் படமெடுத்தால் பென்சில் கோடும் விழுகிறது. இயந்திரம் எதையும் கேட்கிறதில்லை. ஆகவே கடையில் முனையின் அளவை மட்டும் பார்க்காதீர்கள், உள்ளே என்ன மை எண்டு பாருங்கோ. நீங்கள் பாவிக்கிற கடதாசியிலேயே நாலு கோடு கீறி, நன்றாகக் காயவிட்டு, ஒன்றில் தண்ணீர் விடுங்கள், ஒன்றின்மேல் மார்க்கரை இழுங்கள். மற்ற இரண்டில் ஒன்றை மூடி, ஒன்றை வெயில் படுகிற யன்னலில் சில கிழமை ஒட்டி வையுங்கள்.