மூச்சுக்கு ஒரு குழாய்

1875ஆம் ஆண்டு ‘கெமிஸ்தம்’ என்றொரு தமிழ் நூல் வெளிவந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, இடையில் ஒருமுறை ஊர் போய்த் திரும்பி, மானிப்பாயில் இருந்தபடி அறுபதுக்கு மேற்பட்ட உள்ளூர் இளைஞர்களை வைத்தியர்களாக்கிய அமெரிக்கர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனின் நூல் அது. நூல் வந்தபோது கிறீன் இங்கே இல்லை. 1873இலேயே அமெரிக்கா திரும்பிவிட்டார். மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிக்க வைக்க வேண்டும் என்ற பிடிவாதம் மட்டும் அவரை விடவில்லை. இரசாயன நூல் என்றால் ஒட்சிசன் இல்லாமல் இராது. யாழ்ப்பாணத்து மருத்துவ மாணவர்களுக்கு அந்த வாயுவைத் தமிழில் சொல்லும் நூல் வந்த அதே ஆண்டில், பாரிசில் மூன்று பேர் அதே வாயுவைப் பைகளில் நிரப்பிக்கொண்டு வானத்தில் ஏறினார்கள்.

அது ஏப்ரல் 15. பலூனின் பெயர் செனித். கஸ்தோன் திசான்தியே, குரோசே-ஸ்பினெல்லி, சிவெல் ஆகிய மூவருக்கும் மேலே ஒட்சிசன் கலந்த காற்றுப் பைகள் தொங்கின. கொஞ்சம்தான் இருக்கிறது, உண்மையாகவே தேவைப்படும்போது உறிஞ்சுவோம் என்று சிக்கனமாக வைத்திருந்தார்கள். 7,500 மீற்றருக்கு மேல் திசான்தியே குழாயை எடுக்க நினைத்தார், கை எழவில்லை. எட்டாயிரம் மீற்றர் வந்துவிட்டோம் என்று கத்த நினைத்தார், நாக்கு அசையவில்லை. விழித்தபோது மற்ற இருவரும் இறந்திருந்தார்கள். தனக்கு வலியோ பயமோ இருக்கவில்லை, மாறாக ஒரு களிப்புத்தான் இருந்தது என்று அவர் பின்னர் எழுதினார். போர் விமானியின் முகமூடிக்கும் குழாய்க்கும் சிலிண்டருக்கும் அந்தக் களிப்புத்தான் மூலகாரணம். மூச்சு முட்டினால் மனிதன் தானாகவே குழாயைத் தேடுவான். முட்டவே முட்டாது என்பதுதான் சிக்கல்.

இந்த வாயு அதற்கு நூறு ஆண்டுகள் முன்பே பிடிபட்டுவிட்டது. 1774 ஆகஸ்டில் ஜோசப் பிரீஸ்ட்லி செந்நிறப் பாதரச ஒட்சைட்டைச் சூரிய ஒளியில் சூடாக்கி, ஒட்சிசனைப் பிரித்தார். பின்னர் அந்த வாயுவை எலிக்குக் கொடுத்தார், தானும் இழுத்துப் பார்த்தார். சுவீடனில் ஷீலே அதை அவருக்கு முன்பே கண்டிருந்தார். நூல் அச்சேறத் தாமதமானதால் பெயரில் பாதியை இழந்தார். ஆனால் உயரத்துக்கும் ஒட்சிசனுக்கும் முடிச்சுப் போட்டவர் போல் பேர் என்ற பிரெஞ்சு உடலியலாளர். காற்றில் ஒட்சிசனின் பங்கு மேலேயும் கீழேயும் ஒன்றுதான், ஏறத்தாழ 21 வீதம். 5,500 மீற்றரில் காற்றின் அழுத்தம் பாதியாகிவிடுகிறது. ஆகவே அதே மூச்சில் நுரையீரலுக்குப் போவதும் பாதிதான். இதை அவர் மலை ஏறிக் கண்டுபிடிக்கவில்லை. பாரிசில் ஓர் இரும்புக் கலனுக்குள் உட்கார்ந்து, காற்றை வெளியே இழுக்கச் சொல்லிக் கண்டுபிடித்தார். குரோசே-ஸ்பினெல்லியும் சிவெலும் 1874இல் அதே கலனுக்குள் உட்கார்ந்து பயிற்சி எடுத்தவர்கள். அதாவது ரைட் சகோதரர்களின் விமானம் பறப்பதற்கு 29 ஆண்டுகள் முன்பே, உயரப் பறப்பதைத் தரையில் நடித்துப் பார்க்கும் கருவி இருந்தது. செனித் புறப்படும் முன் போல் பேர் ஒரு கடிதமும் எழுதினார்: நீங்கள் கொண்டுபோகும் ஒட்சிசன் போதாது. கடிதம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் வேலையைச் செய்தவர்கள் வியாபாரிகள். லண்டனில் பிரின் சகோதரர்களும் ஜேர்மனியில் கார்ல் லிண்டேயும் ஒட்சிசனைப் பெருமளவில் பிரித்து விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்களில் உலோகம் ஒட்டுகிறவர்களும் உண்டு, வைத்தியசாலைகளும் உண்டு. விமானிகள் அபூர்வம். முதலாம் உலகப் போர் வந்ததும் நிலைமை மாறியது. எதிரியின் பீரங்கிக்கு எட்டாத உயரத்தில் பறந்த செப்பலின் ஆகாயக் கப்பல்களில் ஜேர்மன் பணியாளர்கள் முதலில் சிலிண்டர் ஒட்சிசனை உறிஞ்சினார்கள். அதில் எண்ணெய் நாற்றம் கலந்து குமட்டியதால் திரவ வடிவத்துக்கு மாறினார்கள். சுருட்டுக் குழாய் போல ஒரு குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் உறிஞ்ச வேண்டும். பிரித்தானியத் தரப்பில் ஜோர்ஜ் டிரையர் என்ற ஒக்ஸ்ஃபோர்டு நோயியல் பேராசிரியர், உயரம் கூடக்கூடத் தானாகவே ஒட்சிசனைக் கூட்டிக் கொடுக்கும் கருவியை வடிவமைத்தார். அவர் ஷாங்காயில் பிறந்த டேனியர். அமெரிக்கர்கள் அந்தக் கருவியை எடுத்துத் தங்கள் நாட்டில் தயாரித்தார்கள். இந்தக் கதையில் மற்றவன் கருவியைப் பார்த்துச் செய்யாதவர்கள் குறைவு.

போர் முடிந்ததும் குழாய் இமயமலைக்குப் போனது. 1922 எவரெஸ்ட் பயணத்தில் கொடுக்கப்பட்ட முகமூடிகள் சரிவராததால் ஜோர்ஜ் ஃபிஞ்ச், கண்ணாடிக் குழாயையும் விளையாட்டுப் பந்தின் ரப்பர் பையையும் இணைத்துத் தானே ஒன்று செய்து, 8,300 மீற்றர் வரை ஏறினார். சக ஏறிகள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஒட்சிசன் உறிஞ்சி ஏறுவது வீரமல்ல என்றார்கள். 1933 ஏப்ரல் 3ஆம் திகதி பீகாரின் பூர்ணியா பக்கத்திலிருந்து இரண்டு விமானங்கள் எவரெஸ்டுக்கு மேலாகப் பறந்தன. இரண்டாவது விமானத்தில் படம் பிடித்தவர் பொனெட். கமெராவோடு அங்குமிங்கும் திரும்பும்போது தன் ஒட்சிசன் குழாயைத் தானே மிதித்து உடைத்துவிட்டார். கைக்குட்டையை எடுத்து வெடிப்பைச் சுற்றிக் கட்டினார், கட்டி முடித்து மயங்கி விழுந்தார். உயரம் குறைந்த பிறகுதான் எழும்பினார். உலகின் உச்சிக்கு மேலே ஓர் உயிர் ஒரு கைக்குட்டையில் தொங்கியது என்றால், அந்தக் காலத்துப் பொறியியலை நினைத்து வியப்பதா, நடுங்குவதா?

பிறகு இரண்டாம் உலகப் போர் எங்கள் தீவுக்கே வந்தது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அவற்றை எதிர்க்கப் பிரித்தானிய ஹரிகேன் போர் விமானங்கள் எழுந்தன. மானிப்பாய்க்கு வடக்கே, சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில், பலாலியில் பிரித்தானிய விமானப் படை ஓடுபாதை போட்டது இந்தப் போரில்தான். நான்கு இயந்திர லிபரேட்டர்கள் அங்கிருந்து பறந்தன. ஹரிகேன், ஸ்பிட்ஃபயர் போன்ற விமானங்களின் ஒட்சிசன் பலகையில் இரண்டு முகப்புகள் இருந்தன. ஒன்று சிலிண்டரில் மிச்சம் எவ்வளவு என்று காட்டும். மற்றதில் எண்கள் ஆயிரம் அடிக் கணக்கில் இருக்கும். உயரமானி இருபதாயிரம் காட்டினால் விமானி திருகைத் திருப்பி அந்த முள்ளையும் இருபதுக்குக் கொண்டுவர வேண்டும். மேலும் ஏறினால் மறுபடி திருப்ப வேண்டும். எதிரி வாலில் நிற்கும்போது யாருக்கு இது நினைவிருக்கும்? மூச்சை வெளியே விடும்போதும் குழாயில் ஒட்சிசன் ஓடிக்கொண்டே இருந்தது வேறு, பாதி வீண்.

ஜேர்மனியர்கள் அதை வேறுவிதமாகச் செய்திருந்தார்கள். நெஞ்சு உள்ளிழுத்தால் மட்டும் திறக்கும் வால்வு. இதன் வேர் வானத்தில் இல்லை, நிலத்துக்கு அடியில் இருந்தது. டிரேகர் போன்ற ஜேர்மன் நிறுவனங்கள் சுரங்க விபத்துகளில் புகைக்குள் இறங்குவோருக்காகச் சுவாசக் கருவிகள் செய்து தேறியவை. வீழ்ந்த ஜேர்மன் விமானங்களிலிருந்து அந்த வால்வைக் கழற்றிப் பார்த்தவர்கள் அமெரிக்காவில் அதே தத்துவத்தில் புதியதைச் செய்தார்கள். தாழ்வான உயரத்தில் அது வெளிக்காற்றையும் தானே கலந்து கொடுத்தது. முகமூடிக்கு வேறொரு வழியில் உதவி வந்தது. மேயோ கிளினிக்கில் பூத்பி, லவ்லேஸ் என்ற இரு மருத்துவர்களோடு சேர்ந்து 1938இல் முகமூடி செய்தவர் ஆர்தர் புல்புலியன். முகத்தில் சிதைந்த மூக்குக்கும் காதுக்கும் பதிலாகச் செயற்கை உறுப்பு செய்வது அவர் தொழில். முகத்தோடு ஒட்டிக்கொள்ளும் ரப்பரை வடிக்க அவரை விடத் தகுந்த ஆள் எங்கே கிடைப்பார்!

போர் முடிந்ததும் கருவிகள் திரும்பவும் நோயாளியின் கட்டிலுக்கு வந்தன. கைப்பற்றிய ஜேர்மன் குண்டுவீச்சு விமானமொன்றின் ஒட்சிசன் வால்வை ஆராய்ந்த அமெரிக்க விமானி ஃபொரெஸ்ட் பேர்ட், அதன் தத்துவத்தை வைத்துச் சுவாசக் கருவி செய்ய முயன்றார். முதல் மாதிரிகள் கேக் டின்களாலும் கதவுக் குமிழாலும் ஆனவை. 1950களின் இறுதியில் அது பச்சை நிறப் பெட்டியாக வைத்தியசாலைகளுக்குள் நுழைந்தது. இன்னொரு கிளையும் உண்டு. விமானிக்கு மயக்கம் வருவது விமானிக்கே தெரியாது என்பதால், அவன் இரத்தத்தின் நிறத்தைப் பார்த்து எச்சரிக்கக் காதில் கவ்வும் ஒரு கருவியைப் போர்க்காலத்தில் கிளென் மில்லிகன் செய்தார். 1974இல் ஜப்பானியப் பொறியியலாளர் டகுவோ அவோயாகி நாடித் துடிப்பைக் கொண்டே ஒட்சிசனை அளக்கும் வழியைக் காட்டினார். கொரோனாக் காலத்தில் மானிப்பாயில் எத்தனையோ வீடுகளில் ஆளுக்கு ஆள் விரலை நீட்டி, 96, 97 என்று சத்தமாக வாசித்துக்கொண்டார்களே, அந்தச் சின்னக் கவ்வியின் பாட்டன் போர் விமானியின் காதில் இருந்தவன்.

நடித்துப் பார்க்கும் கலையும் இதற்கிடையே வளர்ந்தது. போல் பேரின் கலனுக்கு வாரிசாக விமானப் படைகள் அழுத்தக் குறைப்பு அறைகளைக் கட்டின. 1957இல் தொடங்கிய பெங்களூர் விமான மருத்துவ நிறுவனத்திலும் அப்படியொரு அறை உண்டு. பயிற்சி பெறுபவரிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, முகமூடியைக் கழற்றிவிட்டுக் கணக்குப் போடச் சொல்வார்கள். 25,000 அடியில் சில நிமிடங்களுக்குள் எழுத்து கோணலாகும், ஒரே எண் மூன்று தடவை வரும். எழுதுகிறவரோ முகம் நிறையச் சிரிப்போடு இருப்பார். முகமூடி மாட்டிய பிறகு தாளைக் காட்டினால், இது தன் கையெழுத்தா என்று கேட்பார்.

இப்போது அந்த அறை வீட்டுக் கணினிக்குள் வந்துவிட்டது. டிசிஎஸ் போன்ற சிமுலேட்டர்களில் மஸ்டாங் போர் விமானத்தின் ஒட்சிசன் பலகையை அப்படியே செய்திருக்கிறார்கள். உயரே போய் ஒட்சிசன் இல்லாவிட்டால் திரை இருளத் தொடங்கும், விமானம் கையை விட்டுப் போகும். உழைப்பைப் பாராட்டலாம். ஆனால் ஒரு விடயத்தில் அது தலைகீழ். திரை இருண்டால் விளையாடுகிறவருக்கு உடனே விளங்கிவிடும், ஏனென்றால் அவருடைய மூளை யாழ்ப்பாணத்துக் கடல்மட்டக் காற்றில் நல்ல தெளிவோடு இருக்கிறது. திசான்தியேக்குக் கிடைக்காத எச்சரிக்கை அது. உண்மைக்கு நெருக்கமாகச் செய்வதென்றால், திரையை வெளிச்சமாகவே விட்டு, புள்ளிகளை ஏற்றி ஏற்றிக் காட்டி, நன்றாகப் பறக்கிறீர்கள் என்று பாராட்டிக்கொண்டே விமானத்தைத் தரையில் மோத விட வேண்டும். அப்படி ஒரு விளையாட்டை விற்றால், முதல் வாரமே பிழை இருக்கிறது என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.