முந்நீர் முதல் மிக்சி வரை

இனிப்பின் மீது நாவுக்குள்ள வேட்கை புதியதன்று. அதைத் தணித்துக்கொள்ளும் முறைதான் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. பழங்களை மிக்சியில் அடித்துக் குடிக்கும் 'ஸ்மூத்தி'யை அயல்நாட்டு மோகம் என்று ஒதுக்குவோர் உண்டு. அதுவே ஆரோக்கியம் என்று கொண்டாடுவோரும் உண்டு. இருசாராரும் புறநானூற்றின் 24ஆம் பாடலை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை மாங்குடி கிழார் பாடிய பாடல் அது. கடற்கரைப் பெண்கள் நுங்கின் நீர், கரும்பின் சாறு, இளநீர் ஆகிய மூன்றையும் கலந்து பருகிவிட்டுக் கடலில் பாய்கிறார்கள். மூன்று நீரும் கலந்ததால் அது முந்நீர். கடலுக்கும் முந்நீர் என்றே பெயர். புலவர் அச்சொல்லை இரு பொருளிலும் அடுத்தடுத்து ஆள்கிறார். வகுப்பில் இப்பாடலை நடத்தும்போது மாணவர்கள் சிலேடையைவிட அந்தக் கலவையின் சுவையைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். அதில் தவறொன்றுமில்லை. தனியே பிரித்தெடுத்த இனிப்பு எதையும் சேர்க்காமல், இயற்கைப் பொருள்களைக் கலந்தே சுவைகண்ட ஒரு பானம் நம் இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது என்பது எளிய செய்தியன்று.

கரும்பைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தோர் அதியமானின் முன்னோர் என்கிறார் ஔவையார் (புறம் 99). பெரும்பாணாற்றுப்படையிலோ ஆலைகளின் ஓசை கேட்கிறது. பாகு காய்ச்சும் புகை சூழ்கிறது. வழிச்செல்லும் பாணனுக்குக் கருப்பஞ்சாறு பருகக் கிடைக்கிறது. ஆக, சாற்றிலிருந்து இனிப்பைப் பிரித்தெடுக்கும் தொழில் அன்றே தொடங்கிவிட்டது. ஆயினும் அது பருவத்துக்கும் உடலுழைப்புக்கும் கட்டுப்பட்டிருந்தது.

அந்தக் கட்டு பின்னாளில் அவிழ்ந்ததை நம் பேச்சுவழக்கே காட்டுகிறது. வெள்ளைச் சர்க்கரையைத் தென்மாவட்டத்தார் 'சீனி' என்பர். அச்சொல்லில் சீன நாட்டின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சென்னையின் பழைய குடும்பங்களில் அதற்கு 'அஸ்கா' என்று பெயர். சென்னை மாகாணத்தின் வடகோடியில், இன்றைய ஒடிசாவைச் சேர்ந்த அஸ்கா என்னும் ஊரில் 19ஆம் நூற்றாண்டில் இயங்கிய ஆலையின் நினைவு அது. 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் கரும்பைக் காட்டுக்கரும்போடு கலந்து உருவாக்கிய 'கோ 205' 1918இல் வட இந்திய வயல்களுக்குச் சென்றது. அதன் வழிவந்த இரகங்கள் நாட்டின் கரும்பு விளைச்சலையே மாற்றின. திருவிழா நாட்களுக்கு உரியதாயிருந்த இனிப்பு, அன்றாடக் காப்பியில் கரையும் பொருளாயிற்று.

இதன் விளைவும் மொழியில் ஏறிவிட்டது. "அவருக்குச் சர்க்கரை" என்றால் இன்று யாரும் இனிப்பை நினைப்பதில்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இந்நோய்க்குச் சர்க்கரை மட்டுமே காரணம் என்பது பிழை. மரபு, உடற்பருமன், உழைப்புக் குறைந்த வாழ்க்கை யாவும் சேர்ந்தே அதை வருவிக்கின்றன. எனினும் சுவையின் பெயரே நோயின் பெயராகிவிட்ட ஒரு சமூகம், தன் நாவை எப்படிப் பழக்குவது என்று யோசித்தே ஆக வேண்டும்.

இங்கேதான் வீட்டுப் பழக்கலவைக்கு ஓர் இடம் உண்டு. நன்கு கனிந்த பூவன் பழம் ஒன்று, சிறிது பப்பாளி, அரைக் குவளைத் தயிர். இவற்றை அடித்தால் சர்க்கரை இல்லாமலே தித்திக்கும். வடிகட்டக் கூடாது, நார் உள்ளேயே இருக்கட்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் தந்த வழிகாட்டுதல், குறைத்துக்கொள்ள வேண்டிய சர்க்கரைகளின் வரிசையில் தேனையும் பழச்சாற்றையும் சேர்த்திருக்கிறது. எனவே "தேன்தானே" என்று இரண்டு கரண்டி ஊற்றுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். பழத்தைக் கடித்துண்பது இதனினும் நன்று. நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்ய வேண்டும்.

முந்நீரிலும் கருப்பஞ்சாறு இருந்ததே என்று நண்பர்கள் கேட்கலாம். இருந்தது, ஆனால் அதைப் பருகியவர்கள் அடுத்த கணம் கடலில் பாய்ந்து நீந்தினார்கள். நாமோ குவளையோடு நாற்காலியில் அமர்கிறோம். அதற்கேற்பக் குவளையும் சிறியதாக இருப்பதே முறை.