உத்தரமேரூர் ஏரி வாரியம்

தமிழக வரலாறு பயில்வார் உத்தரமேரூர் என்னும் பெயரைக் கேட்டவளவில் குடவோலையை நினைவர். காலியூர்க் கோட்டத்து உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார் முதற் பராந்தகனது 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) செய்த இரு தீர்மானங்கள் அவ்வூர் வைகுந்தப்பெருமாள் கோயிலிற் பொறிக்கப்பட்டுள்ளன. கல்வெட்டறிஞர் வெங்கையா அவற்றை ஆராய்ந்து வெளிப்படுத்திய நாள்தொட்டு, உறுப்பினரைத் தேர்ந்த முறையே பெரிதும் பேசப்பட்டு வருகின்றது. தேரப்பட்டோர் ஆற்றிய பணி யாது என்னும் வினா பின்தங்கிவிட்டது. ஏரி வாரியத்தை முன்னிறுத்தி அவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

921ஆம் ஆண்டுத் தீர்மானத்தின்படி ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுப்பித்தனர். இங்ஙனம் பெற்ற 30 பேருள் 12 பேர் சம்வத்சர வாரியத்தினர். 12 பேர் தோட்ட வாரியத்தினர். 6 பேர் ஏரி வாரியத்தினர். பதவிக்காலம் 360 நாள். இவற்றுள் சம்வத்சர வாரியத்திற்கு, முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தாரையும், கல்வியாலும் ஆண்டாலும் முதிர்ந்தாரையும் கொள்ளல் வேண்டும் என்பது விதி. ஊராட்சியின் பெரும் பொறுப்பை ஏற்பதற்கு ஏரியையும் தோட்டத்தையும் காத்த பயிற்சி தகுதியாகக் கருதப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

இவ்வாரியத்தைப் பராந்தகன் காலத்தில் புதிதாகத் தோன்றியதாகக் கொள்வார் உளர். அது பொருந்தாது. பல்லவர் ஆட்சியிற் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகளிலேயே ஏரி வாரியப் பெருமக்கள் குறிக்கப்படுகின்றனர். அவ்வூரின் பேரேரி வயிரமேகத் தடாகம் என வழங்கிற்று. அதனைத் தூர்வாருதற்பொருட்டு அன்பர்கள் அளித்த அறக்கொடைகள் இவ்வாரியத்தாரிடமே ஒப்படைக்கப்பட்டன. எனவே, வாரியம் முந்தியது. 919, 921ஆம் ஆண்டுகளின் தேர்தல் விதிகள் பிந்தியவை. முன்னரே இயங்கிவந்த ஓர் அமைப்பினை ஒழுங்குபடுத்த எழுந்தவையே அவ்விதிகள் என்க.

தொண்டைநாட்டின் பெரும்பகுதி வானம் பார்த்த நிலம். வடகிழக்குப் பருவமழையின் நீரைத் தேக்கிவைத்தாலன்றி ஆங்கு நெல் விளையாது. வரத்துக்கால் வழியே வரும் நீரோடு வண்டலும் வந்து ஏரியடியிற் படியும். ஆண்டுதோறும் அதனை அகழ்ந்தெடுத்துக் கரைமேல் இடுவதால் ஏரி ஆழமும் கரை உயரமும் பெறும். ஓராண்டு தவறினும் நீர்க்கொள்ளளவு குறையும்; பல ஆண்டு தவறின் ஏரி மேடாகும். ஓயாது செய்ய வேண்டிய இப்பணிக்கு ஓயாத வருவாயும் வேண்டும். ஏரிப்பட்டி எனப்பட்ட நிலத்தின் விளைவு, ஏரி ஆயம் என்னும் வரி, பொன் முதலீட்டின் வட்டி ஆகியன அவ்வருவாய்க்கு வழியாயின என்பதைத் தமிழகக் கல்வெட்டுகள் பலவும் காட்டுகின்றன. கொடையாளி மறைந்த பின்னரும் முதல் அழியாமல் பணி நடைபெற வேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் கருத்து.

பிறர் கொடுத்த முதலைக் காப்பவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். இவ்வுண்மையை மனத்திற்கொண்டு அத்தீர்மானங்களை நோக்கின், அவற்றின் கடுமைக்குக் காரணம் புலனாகும். ஏதேனும் ஒரு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்கு உரியரல்லர். அவர்தம் நெருங்கிய உறவினரும் உரியரல்லர். கழிந்த மூன்றாண்டில் வாரியம் செய்தவரும் விலக்கப்பட்டனர். குற்றம் கண்டவிடத்து உறுப்பினரை அப்பொழுதே நீக்கவும் விதி இருந்தது. தீயோர் கெட்டு நல்லோர் தழைத்தற்பொருட்டே இவ்வேற்பாடு என்று 921ஆம் ஆண்டுத் தீர்மானம் நோக்கம் கூறுகின்றது. முறைகேடுகள் முன்னரே நிகழ்ந்திருந்தாலன்றி இத்தகைய விதிகள் எழுந்திரா. இரண்டே ஆண்டுகளில் முதல் தீர்மானம் திருத்தப்பட்டமையும் இக்கருத்தை வலியுறுத்தும். கணக்கு விதி பொன் வாரியத்தையே கருதியது எனச் சிலர் கூறலாம். ஆயின், விதி எவ்வாரியத்தையும் பிரித்துக் கூறவில்லை என்பது நோக்கத்தக்கது.

இவ்வமைப்பைப் புகழுமிடத்து அதன் எல்லையையும் மறத்தலாகாது. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையிற் கட்டிய வீடும், 35க்கு மேல் 70க்கு உட்பட்ட அகவையும், மறைக்கல்வியும் உடையாரே குடவோலைக்கு உரியர். அரைக்கால் வேலி நிலமுடையார்க்கு மறைக்கல்வியின் மிகுதியால் இடமளிக்கப்பட்டது. நிலத்தை உழுதாரும் வண்டலைச் சுமந்தாரும் ஏரியைப் பற்றி முடிவு செய்யும் அவையில் இடம்பெற்றிலர். ஆகவே, இதனை இக்காலத்துக் குடியாட்சியோடு ஒன்றாக்கிக் கூறுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது.

வாரியம் என்னும் பழஞ்சொல் இந்நாளில் புதுவாழ்வு பெற்றுள்ளது. 1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமும், 1982இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அமைந்தன. சொல் ஒன்றேயாயினும் பொருள் வேறு. இவை அரசு சட்டத்தால் நிறுவியவை. பண்டை வாரியமோ ஊர்ச்சபையின் உறுப்பு. அதனைச் செய்தார் தம் வயலும் அவ்வேரி நீராலேயே விளைந்தது. உத்தரமேரூரைக் குடவோலையின் ஊராக மட்டும் கற்பிக்குமிடத்து, அவ்வோலைகள் எதன்பொருட்டு எழுதப்பட்டன என்பதை மாணாக்கர் அறியாது போவர். நீரைக் காத்தற்கு முதலும், முதலைக் காத்தற்குக் கணக்கும், கணக்கைக் காத்தற்கு விதியும் வேண்டப்பட்டன. இத்தொடர்பே உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் நமக்கு உணர்த்தும் வரலாறாகும்.