இரண்டாம் ஏட்டில் தொடங்கும் நூல்

யூதர்களின் சட்ட நூலான பாபிலோனியத் தால்முத்தின் முதல் தொகுதியைத் திறந்தால், ஒன்று என்ற எண்ணிட்ட ஏடு கண்ணில் படாது. பாடம் இரண்டாம் ஏட்டில்தான் ஆரம்பம். அந்த ஏட்டின் முதல் சொல் ‘மே ஏமாதை’. ‘எப்போதிலிருந்து’ என்று பொருள். மாலை வேளையில் ஷெமா பிரார்த்தனையை எப்போதிலிருந்து சொல்லலாம்? முன்னுரையும் இல்லை, ஆசிரியர் வணக்கமும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே ஒரு கேள்வி. அடுத்த சில வரிகளில், எந்நேரம் வரை சொல்லலாம் என்பதற்கு மூன்று விடைகள். முதல் சாமம் முடியும்வரை என்கிறார் ஒருவர். நள்ளிரவுவரை என்கிறார்கள் பெரியோர். விடியும்வரை என்கிறார் இன்னொருவர்.

ரபி, அதாவது யூத சமய ஆசான், ஆகப் போகும் மாணவர் தம் இளமையின் பெரும்பகுதியை இப்படிப்பட்ட ஏடுகளின் முன்தான் செலவிடுகிறார். அந்த ஏடு அவர் கைக்கு வந்து சேர்ந்த வழி நெடியது.

அது முதலில் குரலாக இருந்தது. ஆசிரியர் சொல்ல, மாணவர் திரும்பச் சொல்லி மனத்தில் இருத்திக்கொண்ட சட்டங்களை, கி.பி. 200 வாக்கில் கலிலேயாவில் யூதா ஹா நாசி ‘மிஷ்னா’வாகத் தொகுத்தார். பிறகு யூப்ரடீஸ் நதிப்பகுதியில், இன்றைய இராக்கில், சூரா, பும்பதிதா முதலிய ஊர்களின் கல்விக்கூடங்கள் அந்தத் தொகுப்பின் ஒவ்வொரு வரியையும் பல தலைமுறைகளாக வாதிட்டுப் பார்த்தன. அந்த வாதங்களின் திரட்டே ‘கெமாரா’. மூலமும் வாதமும் சேர்ந்து தால்முத். வாதத்தில் தோற்றவரின் கருத்தையும் தொகுத்தவர்கள் தள்ளிவிடவில்லை. பெயரோடு எழுதி வைத்தார்கள். முடிவு காண முடியாத இடங்களில் ‘தெய்க்கு’ என்று ஒரு சொல் வரும். நிற்கட்டும் என்று அர்த்தம்.

பாடம் சொல்வது எப்படி என்பதற்கும் அதற்குள்ளேயே கதைகள் உண்டு. ரபி பெரெய்தாவுக்கு ஒரு மாணவன். நானூறு தடவை சொன்னால்தான் அவனுக்குப் பாடம் ஏறும். ஒருநாள் ஆசிரியரை வேறொரு வேலைக்கு அழைக்க ஆள் வந்தது. இதோ கிளம்பிவிடுவார், அதோ கிளம்பிவிடுவார் என்று பையனின் மனம் அலைந்ததில் நானூறு தடவையும் வீண். கோபிக்காமல் இன்னொரு நானூறு தடவை சொல்லிக் கொடுத்தார் பெரெய்தா. இன்னொரு கதையில், தோழர் ரேஷ் லகீஷை இழந்து தவிக்கும் ரபி யோகனானுக்குத் துணையாக ஓர் அறிஞரை அனுப்புகிறார்கள். யோகனான் எதைச் சொன்னாலும் அதற்கு ஆதரவு தேடித் தருகிறார் அந்த நல்ல மனிதர். யோகனானின் துக்கம் கூடுகிறது. ரேஷ் லகீஷ் என்றால் இருபத்துநான்கு ஆட்சேபங்களைக் கிளப்பியிருப்பார். இருபத்துநான்குக்கும் பதில் தேடியதில் பாடம் தானாக விரிந்திருக்கும். ஆமாம் போடுகிறவரிடம் கற்க என்ன இருக்கிறது?

பிரான்சின் துருவா நகரில் பிறந்த ராஷி (1040–1105) இந்த நூலுக்கு ஓர் உரை எழுதினார். சுருக்கமான உரை. மாணவன் எங்கே தடுமாறுவான் என்று முன்கூட்டியே அறிந்து, சரியாக அந்த இடத்தில் மட்டும் கை நீட்டும். நூலின் அரமேயச் சொல் புரியாதென்று தோன்றினால், அன்றைய பிரெஞ்சுச் சொல்லையே எபிரேய எழுத்தில் எழுதிக் காட்டும். அந்த உரையைக் கேள்வி கேட்டு மடக்கியவர்களில் அவருடைய மகள்வழிப் பேரன் ரபேனு தாம் என்பவரே முன்னணியில் நின்றார். அவர்கள் மரபில் எழுந்த குறிப்புகளுக்குத் ‘தோசஃபோத்’, அதாவது சேர்ப்புகள், என்று பெயர்.

1242இல் பாரிஸில் வண்டி வண்டியாகத் தால்முத் சுவடிகளைக் கொளுத்தினார்கள். இடைக்காலக் கையெழுத்துப் பிரதிகளில் ஏறக்குறைய முழுமையாகத் தப்பியது ஒன்றே ஒன்று. 1342இல் எழுதப்பட்ட அது மியூனிக்கில் இருக்கிறது. வெனிஸ் நகரில் டேனியல் போம்பர்க் என்ற கிறிஸ்தவ அச்சகத்தார் 1520 முதல் 1523க்குள் முழு நூலையும் அச்சிட்டார். நடுவில் மூலம், உள் ஓரத்தில் ராஷி, வெளி ஓரத்தில் தோசஃபோத். தாத்தா ஒரு கரையில், பேரன் மறுகரையில். 1553இல் ரோமில் மறுபடியும் தீ வைத்தார்கள். ஆனால் போம்பர்க் இட்ட ஏட்டெண் நிலைத்துவிட்டது. 1880களில் வில்னாவின் ரோம் குடும்ப அச்சகம் வெளியிட்ட புகழ்பெற்ற பதிப்பிலும் அதே எண்கள்தான். எந்த ஊரில் எரித்தாலும் வேறோர் ஊரில் அதே ஏட்டை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

1803இல் ரபி ஹயீம் இன்றைய பெலாரூஸில் உள்ள வொலோஷினில் ஒரு யெஷிவாவை, அதாவது தால்முத் கல்விக்கூடத்தை, தொடங்கினார். அதுவரை வெளியூர் மாணவர்கள் பலரும் நாளுக்கொரு வீட்டில் சாப்பிட்டுப் படித்தவர்கள். வொலோஷின் ஊர் ஊராக ஆளனுப்பி நிதி திரட்டி, மாணவருக்குச் செலவுப் பணம் கொடுத்தது. யெஷிவா கூடத்தில் நூலக அமைதி கிடையாது. இருவர் இருவராக உட்கார்ந்து உரக்கப் படித்து, உரக்க மறுப்பார்கள். இந்த ஜோடிக்கு ‘ஹவ்ருதா’ என்று பெயர். தோழமை என்று பொருள். ஆசிரியரின் பாடம் இந்தச் சண்டைக்குப் பிறகுதான்.

அங்கே கற்பித்த இன்னொரு ஹயீம், ஹயீம் சொலொவெய்ச்சிக், பிற்பாடு ‘பிரிஸ்க் முறை’ என்று பெயர்பெற்ற வழியை வகுத்தார். சட்டம் ஏன் என்று கேட்பதை ஒத்திவைத்து, அது உள்ளபடி என்ன என்று பிரித்துப் பார்ப்பது அந்த வழி. தால்முத்திலேயே உள்ள உதாரணம் ஒன்று: இந்த ரொட்டியைத் தின்னமாட்டேன் என்று ஆணையிட்டால், தடை அந்த மனிதர்மேல் விழுகிறது. இந்த ரொட்டி எனக்கு விலக்கு என்று நேர்ந்துகொண்டால், தடை ரொட்டிமேல் ஏறுகிறது. பட்டினி ஒன்றுதான், சட்டம் இரண்டு. இப்படிப் பிரிக்கப் பழகிய மாணவருக்கு, இரண்டு உரையாசிரியர்களின் முரண்பாடு, ஒரே பொருளை இருவர் இருபக்கம் நின்று பார்த்ததாகத் தெளிகிறது.

ரபி பட்டம் ‘ஸ்மிகா’. மரபுவழி யெஷிவாக்களில் அதற்கான தேர்வில் பெரும்பாலும் கேட்பது ‘ஷுல்ஹான் அருக்’ சட்டநூலை: பாலும் இறைச்சியும் கலந்தால் என்ன செய்வது போன்ற சமையலறைக் கேள்விகளை. ஆனாலும் பயிற்சியின் ஆண்டுகளைத் தால்முத்தே எடுத்துக்கொள்கிறது. விடைகளை நூலில் தேடிக்கொள்ளலாம். நாளை ஒருவர் புதுச் சங்கடத்தோடு வாசலில் வந்து நிற்கும்போது, எதிர்க்கட்சியின் நியாயத்தையும் எடைபோடும் மனம் ரபிக்கு வேண்டும். அந்த மனத்தை உருவாக்க இதைவிட நல்ல வழியை நான் அறியேன்.

இரண்டாம் உலகப்போரில் மீர் என்ற ஊரின் யெஷிவா தப்பியோடி ஜப்பான் வழியாக ஷாங்காய் சேர்ந்தது. புத்தகம் போதாததால் தால்முத் தொகுதிகளை அங்கேயே அச்சடித்துப் படித்தார்கள். போர் முடிந்தபின், ஜெர்மனியில் உயிர்தப்பிய ரபிகள் கேட்டுக்கொண்டதன்பேரில், அமெரிக்க ராணுவத்தின் உதவியோடு 19 தொகுதிகளாகத் தால்முத் ஹைடல்பெர்கில் அச்சாயிற்று. முகப்பு ஏட்டின் கீழ்ப்பகுதியில் முள்வேலியிட்ட வதைமுகாம் வரையப்பட்டிருக்கும். உள்ளே திறந்தால் பழைய அமைப்பு அப்படியே: நடுவில் மூலம், இருபுறமும் தாத்தாவும் பேரனும்.

1977இல் நியூயார்க்கின் ஸ்டெர்ன் மகளிர் கல்லூரியில் தால்முத் வகுப்பைத் தொடங்கி வைத்து முதல் பாடம் சொன்னவர் யோசேப் சொலொவெய்ச்சிக்; பிரிஸ்க் ஹயீமின் பேரன். பல நூற்றாண்டுகளாகப் பெரும்பாலும் ஆண்களுக்கே விரிந்த ஏடு, அவர் கையால் பெண்கள்முன் விரிந்தது. இன்று ஜெருசலேமிலும் நியூயார்க்கிலும் பெண்களும் ஹவ்ருதாவாக உட்காருகிறார்கள். ஒருவர் விரலை வைத்து ‘மே ஏமாதை’ என்று வாசிக்கத் தொடங்குகிறார். வரி முடிவதற்குள் மற்றவர் குறுக்கிட்டு ஆட்சேபிக்கிறார். பாடம் தொடங்கிவிட்டது.