கற்காலத்தில் என்ன சமையல்?

போபாலுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் சாஞ்சிக்கு ஒரு நாள், பீம்பேட்காவுக்கு ஒரு நாள் என்று கூட்டிப் போவது இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். பீம்பேட்காவில் பாறைக்குப் பாறை ஓவியம். மான், காட்டெருமை, வில், ஈட்டி... போன முறை வந்த மச்சினர் பையன் கேட்டான், "ஏன் மாமா, இவங்க காய்கறியே சாப்பிட மாட்டாங்களா?"

நல்ல கேள்வி. நாம் படித்த பாடப் புத்தகத்திலும் ஆதிமனிதன் என்றால் ஈட்டியோடு நிற்கும் ஓர் ஆள்தான். எலும்பு ஆயிரக்கணக்கான வருடம் நிற்கும், கல்லாயுதம் அதைவிட அதிகமாக நிற்கும். கீரையும் கிழங்கும் ஒரு மழைக்காலத்தில் மக்கிவிடும். எங்கள் வங்கி பாஷையில் சொன்னால், வவுச்சர் கிடைத்த செலவு மட்டும் கணக்கில் ஏறியிருக்கிறது. வவுச்சர் இல்லாத செலவு நடக்கவே இல்லை என்று எந்த ஆடிட்டரும் சொல்ல மாட்டார். வரலாற்றில் மட்டும் ரொம்ப நாள் அப்படித்தான் எழுதினார்கள்.

முதலில் சந்தேகம் கிளப்பியவர்களில் ஒருவர் ரிச்சர்ட் லீ என்ற மானுடவியலாளர். 1960களில் கலகாரிப் பாலைவனத்தில் குங் மக்களோடு தங்கி, தினமும் என்ன சாப்பாடு வருகிறது என்று எடை போட்டே பார்த்தார். எடைக் கணக்கில் பாதிக்கு மேல் கொட்டைகளும் கிழங்குகளும் பழங்களும்தான். அதில் பெரும்பகுதியைக் கொண்டு வந்தவர்கள் பெண்கள். சரி, அது நம் காலத்து மக்கள். 20,000 வருடத்துக்கு முந்தியவர்களுக்கு சாட்சி வேண்டாமா?

அந்த சாட்சி கிடைத்தது இஸ்ரேலில், கலிலேயாக் கடல் என்று பைபிளில் வருகிற நன்னீர் ஏரியின் தென்மேற்குக் கரையில். 1989-ல் மழை குறைவு, கூடவே தண்ணீரை ஏகத்துக்கும் இறைத்தார்கள். ஏரி வற்றியதும் அடியிலிருந்து ஒரு குடியிருப்பு வெளியே வந்தது. இடத்தின் பெயர் ஒஹாலோ 2. வயது சுமார் 23,000 வருடம். ஹைஃபா பல்கலைக்கழகத்தின் டேனி நாடெல் தலைமையில் தோண்டினார்கள். கிளைகளும் புல்லும் வைத்துக் கட்டிய ஆறு குடிசைகளின் தடம், அடுப்புகள், ஒரு மனிதரின் புதைகுழி.

குடிசைகள் எரிந்து போனவை. நமக்கு அதுதான் அதிர்ஷ்டம். கரியாகிவிட்ட விதையைப் பூச்சியும் தின்னாது, கிருமியும் தின்னாது. எரிந்த கொஞ்ச காலத்திலேயே ஏரி உயர்ந்து மெல்லிய வண்டலால் மூடிவிட்டது. காற்றே படாமல் அப்படியே பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்த மாதிரி. ஆராய்ச்சியாளர்கள் மண்ணை அள்ளி, சன்னமான சல்லடையில் தண்ணீர் விட்டு அலசி, எஞ்சியதை ஒவ்வொன்றாக மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இனம் பிரித்தார்கள். (நாங்கள் நோட்டு எண்ணுவதே பெரிய பொறுமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்!) கிடைத்தவை ஏறத்தாழ 1,50,000 தாவர எச்சங்கள். 140 வகைக்கு மேல். காட்டு வாற்கோதுமை, காட்டுக் கோதுமை, ஓட்ஸ், பாதாம், பிஸ்தா, ஓக் மரக் கொட்டை, அத்தி, திராட்சை, ஆலிவ். மானும் மீனும் நிறைய உண்டு, எல்லாரும் சைவம் என்று கிளம்ப வேண்டாம் :-)

கிடைத்தால் போதுமா, சாப்பிட்டார்கள் என்று எப்படித் தெரியும்? ஒரு குடிசையின் தரையில் பட்டையான பசால்ட் கல் ஒன்று பதித்த மாதிரி இருந்தது. டோலோரஸ் பிபெர்னோவும் எஹுட் வைஸும் மற்றவர்களும் அதன் மேற்பரப்பின் நுண்குழிகளில் தேடி, மாவுச்சத்துத் துகள்களை எடுத்தார்கள். இந்தத் துகளின் உருவம் செடிக்குச் செடி மாறும். அதை வைத்து வாற்கோதுமை என்று 2004-ல் அறிவித்தார்கள். அம்மிக்கு 23,000 வயது என்று வைத்துக்கொள்ளுங்கள்! பக்கத்தில் கற்கள் அடுக்கிச் சாம்பல் மூடிய அடுப்பு ஒன்று. மாவைப் பிசைந்து அதில் சுட்டிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. முறையான விவசாயம் வர அதற்குப் பிறகு இன்னும் 11,000 வருடம் ஆனது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்தக் குவியலில் இருந்த சின்னச் சின்னப் புல் விதைகள். கடுகைப் போல் பொடியானவை, ஆயிரக்கணக்கில். ஒரு கைப்பிடி சேர்க்க எத்தனை நேரம் குனிந்திருக்க வேண்டும்! நம் பெரும்பாணாற்றுப்படையில் எயினப் பெண்கள் எறும்புப் புற்றைக் கிண்டிப் புல்லரிசி எடுத்துக் குத்திச் சமைக்கும் காட்சி இருக்கிறது. அதைப் படித்தவர்களுக்கு இந்த உழைப்பு புரியும். பெரிய கோதுமை மணி பழகிய பிறகு அந்தப் பகுதி மக்கள் இந்தப் பொடி விதைகளை மெல்லக் கைவிட்டுவிட்டார்கள்.

2015-ல் இன்னொரு செய்தி. விதைகளில் 13 வகை, விளைநிலத்தில் முளைக்கும் களைகள். கிளறிய மண்ணில்தான் இவை செழிக்கும் என்பதால், அந்த மக்கள் சின்ன அளவில் விதைத்தே பார்த்திருக்கலாம் என்கிறது அந்த ஆய்வு. காட்டுத் தானியம் அடர்ந்த இடத்திலும் களை வராதா என்ன? அதனால் 'பரீட்சார்த்தம்' என்ற அளவில் வைத்துக்கொள்வது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

விதைகள் தரையில் எங்கெங்கே விழுந்து கிடந்தன என்பதையும் வரைபடம் போட்டார்கள். குடிசையின் வடக்கே அரைக்கும் கல், அதைச் சுற்றி விதைகள். வாசல் பக்கம் கல்லாயுதம் செதுக்கிய சில்லுகள். ஓரங்களில் புல் பரப்பிய படுக்கை, நடுவே கணப்பு. இதைப் பார்த்ததும் வடக்கே பெண்கள், வாசலில் ஆண்கள் என்று சொல்லத் தோன்றும். கருகிய விதை அதைச் சொல்லவில்லை. அரைத்தது யாராக இருந்தாலும், அந்தக் கல்லின் முன் தினமும் உட்கார்ந்து முதுகு ஒடிய அரைத்திருக்கிறார்கள்.